மேனேஜருக்கு ஒரு போர்வை

அக்டோபர் 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் நம் பூனை மேனேஜரும் சுகம். மேனேஜருக்குச் சுகம் கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்து வீட்டில் பால் குடித்துவிட்டு வந்து, உலகத்திலேயே பாவப்பட்ட பூனை மாதிரி என் காலைச் சுற்றுகிறார். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். போட்டாயா?

போன் வேண்டாம், கடிதம்தான் என்று நாம் வைத்துக்கொண்டது நல்லதுக்குத்தான். போனில் நீ அக்கா என்றாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அப்புறம் ரெண்டு பேரும் மாற்றி மாற்றி மூக்கைச் சிந்திவிட்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ கொல்லையில் புதைத்த பூக்கிழங்குகளை மேனேஜர் தினமும் மேற்பார்வை பார்க்கிறார். எது எங்கே இருக்கிறது என்று ஒரு குச்சியாவது நட்டுவிட்டுப் போயிருக்கலாம். நட்டு முடித்த கையோடு சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். "பஸ்ஸு ஒத்துக்கலைக்கா" என்றாய். நீ பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சலவைக் கடையில் ஆள் வராமல் கிடக்கும் துணிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. வருஷக்கணக்காகத் தொங்குகிற சட்டைகள். துவைக்கப் போட்டுவிட்டு அப்படியே மறந்து போகிறவர்கள் இத்தனை பேர் என்று நீ நம்ப மாட்டாய். அதையெல்லாம் வெட்டி ஒட்டுப் போர்வை ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். மேனேஜருக்குத்தான். சின்னதாக.

வேளைக்குச் சாப்பிடு. கனமான எதையும் தூக்காதே. எல்லோருக்கும் சொல்கிற மாதிரிதான் சொல்கிறேன்.

உன் அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ரெண்டு பேரும் நலம். உன் முட்டிவலி எப்படி? மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாயா, இல்லை துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறாயா?

கிழங்கு எது எங்கே என்று எனக்கே தெரியாது. மூன்று பொட்டலத்தையும் மடியில் கொட்டிக் கலந்துவிட்டேன். வெள்ளை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சிவப்பும் கொஞ்சம். வெள்ளைதான் முதலில் வரும். சின்ன வயதில் நாம் அவசரக்குடுக்கை என்று கூப்பிடுவோமே, மலைக் குளிர் போகும் முன்னாலேயே தலையை நீட்டிக்கொண்டு வருமே, அதுதான்.

மேனேஜருக்குப் போர்வை என்று படித்துக் காட்டியதும் இவர் சிரித்தார். "உங்கக்கா அதுக்கு முழுக்கைச் சட்டையும் தைச்சுப் போடுவாங்க" என்றார். அவருடைய பழைய பஸ் டிரைவர் சட்டையையும் என் நீல நைட்டியையும் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் துவைத்து மெத்தென்று ஆன துணி. பூனைகளுக்கு அப்படித்தானே பிடிக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் இப்போது எனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை மட்டும். ஏணியில் ஏற வேண்டாம் என்று கடைக்காரருக்கு என்மேல் திடீர் கரிசனம். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்து, போட்டுப் பார்க்கிறேன். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியில் தெருவெல்லாம் பொம்மைத் தெரு மாதிரி சின்னதாகத் தெரிகிறது. அப்படியே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
குட்டி


நவம்பர் 28

என் குட்டிக்கு,

சுகம்தானே? முட்டிவலி இருக்கத்தான் இருக்கிறது. அதற்கும் வயசாகிறது.

நீ அனுப்பிய துணியை வெந்நீரில் போட்டு அலசி, மறுபடி அலசி, கஞ்சி போடாமல் நிழலில் உலர்த்தினேன். பட்டன் எதுவும் வைக்கவில்லை, ஜரிகை வைக்கவில்லை. கடை முதலாளி பார்த்துவிட்டு, "பூனைக்கு ஏம்மா இத்தனை பக்குவம்?" என்றார். "எங்க மேனேஜருக்குத் தோல் ரொம்ப மென்மை" என்றேன். அவர் இரண்டு பிள்ளை பெற்றவர். நல்ல பஞ்சு ஒரு பொதி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் பெண்ணுக்கென்று ஒரு போர்வையை நான் ராப்பகலாகத் தைத்து, மாதம் நிறைவதற்கு முன்பே பெருமையாகத் தபாலில் போட்டேன். நீங்கள் ரெண்டு பேரும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கா அந்தப் பார்சல் வாசலில் கிடக்க வேண்டும்? தபால்காரரைத் திட்டி என்ன பிரயோசனம். என் அவசரத்தை நான்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அதனால் இந்தப் போர்வையை மெதுவாகத்தான் தைப்பேன். மேனேஜருக்கு ஒரு அவசரமும் இல்லை.

உனக்கு எழுத ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா


டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். சும்மாதான்.

எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு விரிசல் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் பார்த்ததே இல்லை. ஜன்னல் பக்கம் ஆரம்பித்து, விளக்குக்கு அருகில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சுவரில் இறங்கிவிடுகிறது. காலையில் வெளிச்சம் ஒரு ஓரத்தில் ஏறி, சாயங்காலம் இன்னொரு ஓரத்தில் இறங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. படுத்துக்கொண்டு எழுதினால் பேனா மை இறங்க மாட்டேன் என்கிறது.

இவர் சமைக்கிறார். நேற்று உப்பே இல்லை. இன்று நேற்றைய உப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டார். குறை சொன்னால், "வண்டி ஓட்டறவன் கையில கரண்டியக் குடுத்தா இப்படித்தான் வரும்" என்கிறார்.

ஒரு கனவு கண்டேன் அக்கா. உன் போர்வை கொல்லை முழுக்க விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ஏதோ மூச்சு விடுகிறது. நான் காலைக் கீழே வைக்காமல் மேலேயே மிதந்து போகிறேன். பயமாகவே இல்லை. விழித்த பிறகுதான் பயம் வந்தது.

அந்தப் பார்சல் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. பிரிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கட்டிய கயிறு கட்டியபடி இருக்கிறது. படுத்தால் அதுவும் கண்ணில் படுகிறது. அது உன் தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

குட்டி


ஜனவரி 9

கண்ணுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கூரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள். இடது பக்கம் சாய்ந்து படு. யாரோ சொன்னார்கள், முட்டிவலிக்கு நல்லதாம்.

போர்வை கிட்டத்தட்ட ஆகிவிட்டது. ஓரங்களில் மறந்து போனவர்களின் சட்டைகள், அதற்குள்ளே மாப்பிள்ளையின் காக்கி, அதற்கும் உள்ளே உன் நீலம். நடுவில் ஒரு கட்டம் மட்டும் விட்டிருக்கிறேன். அங்கே பஞ்சு தெரிகிறது. வைப்பதற்குத் துணி அமையவில்லை என்று கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். முதலாளி ஒரு மூட்டைத் துணியைக் கொண்டு வந்து முன்னால் போட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

துணி இல்லாமல் இல்லை. முடிக்கத்தான் பயமாக இருக்கிறது. தைத்து முடித்து நூலை அறுத்துவிட்டால் அப்புறம் என் கையில் என்ன இருக்கிறது?

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை சொல், மேனேஜரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே. வா என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். வராதே.

நீ வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்ப்பேன். உன் முகத்தில் எல்லாம் தெரியும். இங்கே நானும் இவரும் பயப்படாத மாதிரி நடித்து நடித்து, பாதி நாள் உண்மையாகவே பயமில்லாமல் இருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதே. சொல்ல வேண்டிய நாள் வந்தால் நானே சொல்வேன். அதுவரை மேனேஜரைப் பற்றியே பேசுவோம். மேனேஜர் நன்றாக வளர்கிறார் என்று நினைக்கிறேன். சில சமயம் உதைக்கிறார்.

நடுக்கட்டம் அப்படியே இருக்கட்டும்.

அவசரக்குடுக்கை வந்ததா? வந்தால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும். படுத்தபடி நான் கொல்லையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதிலாக நீ போய்ப் பார்.

முட்டியை வெந்நீர் ஒத்தடம் வைத்துப் பார்த்துக்கொள்.

குட்டி


பிப்ரவரி 19

குட்டிக்கு,

உன் கடிதத்தில் மேனேஜர் உதைக்கிறார் என்ற வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. நிஜ மேனேஜரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர் உதைக்கவில்லை, கடித்தார்.

வந்துவிட்டது. துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, சுவரோரத்தில். காலையில் பார்க்கும்போது பச்சை முனை, கடையை அடைத்துவிட்டு வரும்போது வெள்ளை. சுற்றிலும் ஒரு புல் கூடத் தலை தூக்கவில்லை. இதற்கு மட்டும் என்ன அவசரமோ தெரியவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிற மாதிரி.

அன்று பொழுது சாயும்போதே காற்று திரும்பி, உறைபனி விழப் போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து அதன்மேல் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒத்தைப் பூவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார். ஆமாம், ஒற்றைப் பூவுக்குத்தான் என்றேன். காலையில் ஜாடி முழுக்க வெண்மையாகப் பனி படிந்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் பார்க்கக் கை வராமல் அங்கேயே நின்றேன். பிறகு தூக்கினேன். நன்றாக இருக்கிறது குட்டி. நன்றாக இருக்கிறது.

உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 6

குட்டி,

சுகமா? பதில் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கும்.

இன்று கடையில் போன் அடித்தது. கையிலிருந்த ஊசி எங்கே போனது என்றே தெரியவில்லை. யாரோ திரைச்சீலை தயாராகிவிட்டதா என்று கேட்டார்கள்.

மஞ்சள் பூக்கள் வந்துவிட்டன. வாசலிலிருந்தே பார்க்கிறேன், கிட்டே போகவில்லை.

நீ வராதே என்று சொன்னதற்காகத்தான் இங்கே இருக்கிறேன். அது உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 8

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்கள் நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பிப்ரவரி கடைசியில் உங்கள் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அன்றைக்கே பெண் குழந்தை பிறந்தது. ரொம்ப முன்னதாகப் பிறந்துவிட்டது. உயிரோடு இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். தாய் நலம். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரைக்குமான நீளம்தான் இருக்கும்.

போன் செய்கிறேன் என்றேன். "இப்ப வேணாம். அக்கா அழுதா நானும் உடைஞ்சிடுவேன்" என்று உங்கள் தங்கை தடுத்துவிட்டாள்.

ஒரு விஷயம் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறையில் விளக்கு எந்நேரமும் எரிகிறது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வெளிச்சம் ஆகாது, பெட்டியின் மேலே போட்டு மூட கெட்டியான விரிப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் கொண்டு வாங்க என்று நர்ஸ் சொன்னார். வீட்டுக்கு ஓடினேன். கையில் கிடைத்தது எதுவும் சரிப்படவில்லை. அலமாரி மேல் உங்கள் பார்சல் இருந்தது. யாரையும் கேட்காமல் கயிற்றை அறுத்துப் பிரித்துவிட்டேன்.

பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. மறுநாள் உங்கள் தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வந்தேன். போர்வையைப் பார்த்ததும் என்ன சொல்வாளோ என்று நாற்காலியைப் பிடித்தபடியே நின்றேன். வெகு நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா சீக்கிரம் அனுப்பல. இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு" என்றாள்.

இன்னும் பயம் இருக்கிறது. டாக்டர் எதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை.

தங்கள் பணிவுள்ள,
மாப்பிள்ளை


மார்ச் 12

என் தங்கத்துக்கு,

மாப்பிள்ளை கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். உயிரோடு இருக்கிறது என்ற வரிக்கு வந்ததும் அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தண்ணீர் கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். கஸ்டமர் வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

போன் செய்யவில்லை. நீ உடையக் கூடாது. வீட்டுக்கு வந்து மேனேஜரை எதிரே உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்தப் போர்வை உனக்கில்லை, எப்போதுமே உனக்கில்லை என்றேன். அவர் எழுந்து போய் அதன்மேலேயே படுத்துக்கொண்டார். தட்டி எழுப்பி, போர்வையை மறுபடி வெந்நீரில் அலச வேண்டியதாகிவிட்டது.

அந்தக் குட்டி அவசரக்குடுக்கையிடம் சொல், அவளுடைய பெரியம்மாவுக்கு அவசரம் இல்லை, அவள் மெதுவாக வளரட்டும். பெட்டியின்மேல் இருப்பது அவளுடைய அக்காவுக்குத் தைத்தது என்றும் சொல். காதில் விழும்.

நடுக்கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ சொல்லும்வரை அதைத் தொட மாட்டேன்.

உன் அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

நலம். நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இவர் ஓட்டிய வேகத்தில் பின்னால் வந்த சைக்கிள்காரர் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். கேட்டால், "என் சர்வீஸ்லயே இதுதான் பெரிய டிரிப்பு" என்கிறார்.

இப்போது என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். கூரையைப் பார்க்கிறாள். விரிசலை அவளுக்கும் பிடித்திருக்கிறது. தூங்கும்போது முகம் சுளித்து, சிரித்து, மறுபடி சுளிக்கிறாள். அவள் காண்கிற கனவெல்லாம் அவளுக்கு முன்னால் யாரோ கண்டு மிச்சம் வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தூக்கம் இல்லாதவள் பேச்சு, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இத்துடன் ஒரு துணி வைத்திருக்கிறேன். பார்த்தவுடன் தெரிந்திருக்கும். மஞ்சளில் வெள்ளைப் புள்ளி, உன் பழைய கவுன் துணி. முதல் போர்வையின் ஓரத்திலிருந்து பிரித்தெடுத்தேன். நீ போட்ட தையல் லேசில் விட்டுவிடவில்லை, காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிட்டது. பிரிக்கும்போது அழுதேன். மூன்று வருஷமாக அழ இடம் இல்லாமல் இருந்தது, அழுததும் பசித்தது.

இதை நடுவில் வை அக்கா. தங்கச்சி போர்வையில் மூத்தவளுக்கும் ஒரு பங்கு. முதல் போர்வையில் உண்டான காலி இடத்துக்கு என் நீல நைட்டித் துணியில் மிச்சம் இருந்தால் ஒன்று கொண்டு வா. அதை நான் தைத்துக்கொள்கிறேன்.

முடித்துவிடு. பயப்படாதே. இந்தத் தடவை தபாலில் மட்டும் போடாதே. நீயே கொண்டு வா.

குட்டி


ஏப்ரல் 23

குட்டி,

இதைத் தபாலில் போடவில்லை, உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டிவலி எப்படி என்று கேட்காதே, ஏறிவிட்டேன்.

நேற்று முடித்தேன். கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்த மஞ்சள் கட்டத்தை நாலு பக்கமும் தைத்தேன். வெள்ளைப் பூவெல்லாம் உதிர்ந்து, மஞ்சளும் தளர்ந்து, சிவப்பு நிறைய வந்திருக்கிறது. நூலை அறுக்க வேண்டிய நேரம் வந்ததும் கத்தரிக்கோலைத் தேடினேன். அதன்மேல் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பல்லாலேயே கடித்து அறுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. காற்று அடித்தது, பூவெல்லாம் ஆடியது, அவ்வளவுதான்.

போர்வை என் மடியில் இருக்கிறது. உன் நீலத்தில் ஒரு கட்டமும் பையில் இருக்கிறது. மணி அடிக்க மாட்டேன், அவள் தூங்குவாள். இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

பார்த்ததும் கதவைத் திற.

அக்கா